சுவருக்கு இந்தப் பக்கம்

டெய்லர்ஸ்வில், வட கரோலினா
மார்ச் 9, 1987

அன்புள்ள ஹோய்லுக்கு,

இங்கே நலம். உன் அக்கா ஐடாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ரேஸ் காரை விட்டு இறங்கிவிட்டேன். இனிமேல் ஓட்டப் போவதில்லை. இடது கை அடிக்கடி மரத்துப்போகிறது. கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். "இன்னொரு தடவை செவுத்துல மோதினா கையோட போகாதும்மா" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டு எழுதப் போய்விட்டார்.

மறுநாளே பட்டறைக்கு பர்ல் கேத்தி வந்தார். கார்களுக்குச் சொந்தக்காரர் அல்லவா, அழுதுகொண்டு வருவார் என்று நினைத்தேன். "ஓட்டத்தான முடியாது? வாய் நல்லாத்தான இருக்கு? டீமை நீ நடத்து வெல்டா. டிரைவரையும் நீயே புடி" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷத்திலிருந்து என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

டெல்மர் பிரிஜஸ் என்று ஒருவனைப் பிடித்திருக்கிறேன். மண் ரேஸ் களத்தில் ஓட்டி வளர்ந்தவன். ஓட்டுவது சுத்தம், வாய் சுத்தமில்லை. அவன் பயிற்சிக்குப் போனபோது நான் களத்தோரச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் சிமெண்டுத் தரையில் பிரேக்கை மிதிக்கிறது. பக்கத்தில் நின்ற பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு சந்தேகம். வெயில் ஏறினால் கடைசிச் சுற்றுகளில் இன்ஜின் மூச்சு விட முடியாமல் திணறுகிறது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகிறது, உனக்குப் பிறகு அதைப் புரிந்த ஆள் இங்கே இல்லை. தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

இன்னமும் சட்டப்படி உன் மனைவி,
வெல்டா


காஃப்னி, தென் கரோலினா
மார்ச் 21, 1987

அன்புள்ள வெல்டாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஐடா சமையலறையில் நின்று சத்தமாகப் படித்து, முடிக்கும்போது அழுதாள். நான் வெளியே போய் டிராக்டருக்கு எண்ணெய் மாற்றினேன்.

இறங்கச் சொல்லி நான் வருஷக்கணக்காகக் கேட்டேன். ஒரு டாக்டர் ஒரு வரியில் சொன்னார், இறங்கிவிட்டாய். இதைக் குறையாகத்தான் சொல்கிறேன். சந்தோஷமும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

பெட்ரோல் குழாயை யாரோ சைலன்சர் பக்கமாகக் கொண்டுபோயிருப்பார்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும். தள்ளி வைத்து, மேலே சூடு தாங்குகிற துணி சுற்றச் சொல்.

போன வாரம் பனி விழுந்து தோட்டத்துப் பீச் பழ மரங்களில் பாதிப் பூ கருகிவிட்டது. தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு காலியாக இருக்கிறது. நான் வெள்ளையடித்துவிட்டேன். நம் இருவருக்கும் நடுவில் அந்தக் கார்தான் இருந்தது, வெல்டா. அதை விட்டு நீ இறங்கிவிட்டாய். இனி என்ன தடை என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.

வா.

ஹோய்ல்


டெய்லர்ஸ்வில்
மே 18, 1987

அன்புள்ள ஹோய்லுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. குழாய் நீ சொன்ன இடத்தில்தான் இருந்தது. மாற்றினோம். திணறல் போய்விட்டது.

வெள்ளையடித்த வீட்டைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. இந்த வாரம் என்னால் முடியாது. நடந்ததைக் கேள்.

ரேடியோவில் நான் வாயை மூடுவதே இல்லை. 'இப்ப பிரேக், இப்ப விடு, இப்ப உள்ள வெட்டு' என்று டெல்மர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து எல்லார் முன்னாலும், "மேடம், காரை நீங்க ஓட்டுறீங்களா, நான் ஓட்டட்டா? ரெண்டு பேரு உக்கார அதுல சீட்டு இல்ல" என்றான்.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். ஓட்டினேன், ஹோய்ல். அவனைவிட வேகமாக ஓட்டினேன். காரை விட்டு இறங்கியதிலிருந்து உடம்பில் எறும்பு ஊர்வது போல் இருந்தது, அது நின்றுபோயிற்று. அப்புறம் கடைசி வளைவில் இடது கை ஸ்டியரிங்கை விட்டது. நான் விடவில்லை, கை விட்டது. சுவர் கதவை உரசிக்கொண்டு போயிற்று. கார் நின்றது. டெல்மர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பின்கட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மனைவி ஜோலீன்தான் உள்ளே கூப்பிட்டு அவரைப் பயறும் சோள ரொட்டியும் வைத்தாள். ரேஸ் பக்கமே அவள் வருவதில்லை. அந்த நேரத்தில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு துணி தேய்ப்பாளாம். சாப்பிடும்போது கேட்டாள்: "அவருக்கு எதாச்சும் ஆச்சுன்னா போன் பண்ணுவீங்களா, நேர்ல வருவீங்களா?"

ரொட்டியைக் கீழே வைத்தேன். "நேர்ல" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு டெல்மரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் வந்தான். சனிக்கிழமை ஓட்டுவதாகச் சொன்னான்.

உன்னை யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா? சுவருக்கு இந்தப் பக்கம் நீ எப்படி நின்றாய்?

வெல்டா


காஃப்னி
ஜூன் 4, 1987

அன்புள்ள வெல்டாவுக்கு,

நீ மறுபடி ஏறினாய் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அடுத்த நாள்தான் மீதியைப் படித்தேன்.

எப்படி நின்றேன் என்று கேட்கிறாய். நான் நிற்கவே இல்லை. லாரிக்குப் பின்னால், களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். அத்தனை கார்களிலும் உன் இன்ஜின் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும், நான் கட்டியது அல்லவா. அந்தச் சத்தம் இருக்கிறவரை நீ இருக்கிறாய் என்று கணக்கு. உன் காலர் எலும்பு முறிந்த அன்று அது நடுவில் அறுந்தது. மற்ற கார்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

நீ செத்துப்போவாய் என்கிற பயத்தில் நான் ஓடிவிட்டேன் என்று ஊரில் பேசினார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அது இல்லை. உனக்குக் கட்டுப் பிரித்த வாரம் நான் பட்டறையில் உட்கார்ந்து, உன் இன்ஜினில் இன்னும் கொஞ்சம் வேகம் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தது. சந்தோஷத்தில் சீட்டியடித்தேன். உன் எலும்பை முறித்த வேகத்தை இன்னும் கூட்டிவிட்டு நான் அடித்த சீட்டிச் சத்தம் எனக்கே கேட்டது. அன்றுதான் பெட்டி கட்டினேன்.

டெல்மரிடம் குறைவாகப் பேசு. ஒன்றே ஒன்று சொல்ல வேண்டிய நாள் வந்தால், அன்று அவன் உன் பேச்சைக் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்.

வீடு இன்னும் காலிதான்.

ஹோய்ல்


டெய்லர்ஸ்வில்
ஆகஸ்டு 24, 1987

அன்புள்ள ஹோய்லுக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. அதற்குப் பதில் எழுத உட்காரும்போதெல்லாம் எழுந்து போய்விடுவேன். இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டிய நாள் என்று எழுதினாயே, அது வந்துவிட்டது.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை ரேஸ். நடுவில் டெல்மர் சுவரில் ஒரு இடி வாங்கினான். பெரிதாக ஒன்றுமில்லை, காரும் நேராகத்தான் ஓடியது. "நல்லாருக்கேன் மேடம்" என்றான் ரேடியோவில். முதல் இடத்துக்கும் வந்துவிட்டான். அப்புறம், "எத்தன சுத்து பாக்கி?" என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அதையே கேட்டான். சொன்னேன். வளைவு முடிவதற்குள் மறுபடி அதையே கேட்டான், முதல்முறை கேட்பது போல.

"உள்ள வா டெல்மர்" என்றேன்.

"முதல்ல போயிட்ருக்கேன் மேடம்!"

பர்ல் கேத்தி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "முன்னாடி போற வண்டிய எவளாச்சும் உள்ள கூப்புடுவாளா? உனக்குத் தைரியம் போச்சு வெல்டா, வீட்டுக்குப் போ!"

உள்ளே வா என்றால் அவன் வரமாட்டான். நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன். அதனால் நான் எதற்கு வந்திருப்பேன் என்று யோசித்தேன். "டெல்மர், உன் கைல இருந்து வண்டிய வேணும்னேதான் புடுங்குறேன். தில்லு இருந்தா இறங்கி வந்து என் மூஞ்சிக்கு நேரா திட்டுடா" என்றேன்.

வந்தான், ஹோய்ல். ஹெல்மெட்டைத் தரையில் அடித்துக்கொண்டு வந்தான். வாயில் வந்ததையெல்லாம் பேசினான். பாதியில் வார்த்தை குழறியது. என்னைப் பார்த்தபடியே முழங்கால் மடிந்து விழுந்தான்.

மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துவிடுவான் என்று டாக்டர் சொன்னதும் நான் ஜோலீன் வீட்டுக்குக் காரை விரட்டினேன். டிவி சத்தம் தெருவரை கேட்டது. கதவைத் திறந்து என்னைப் பார்த்தவள், "ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றாள். "இருக்கான்" என்றேன். அவள் உள்ளே போய்த் தேய்ப்புப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து காரில் ஏறினாள்.

அவன் இப்போது எழுந்து உட்காருகிறான். என்னோடு பேசுவதில்லை. 'ஜெயிச்சிருப்பேன்' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறானாம். சொல்லட்டும். பர்ல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, நீதான் நடத்த வேண்டும் என்று நிற்கிறார். இனி டெல்மர் ஓட்டுவானா தெரியாது. வேறு ஆள் பார்க்க வேண்டும். பார்ப்பேன்.

அதனால் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடு. நான் காஃப்னிக்கு வரமாட்டேன். கார் நமக்கு நடுவில் இருந்தது என்று எழுதினாய். அது நடுவில் இல்லை, எனக்குள் இருக்கிறது. ஓட்டாவிட்டாலும் இருக்கிறது. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, சனிக்கிழமை வந்தால் சோறு இறங்குவதில்லை, ஆனாலும் விட்டுப் போக மனசில்லை. நீ வந்து இன்ஜின் கட்டிக்கொடு என்று கேட்க வாய் வருகிறது. உன் சீட்டியைப் பற்றிப் படித்த பிறகு அதைக் கேட்க மாட்டேன்.

கோபமில்லாமல் இரு. ஐடாவுக்கு என் அன்பு.

வெல்டா


பெர்னீஸ் சாப்பாட்டுக்கடை, டெய்லர்ஸ்வில்
செப்டம்பர் 5, சனிக்கிழமை

வெல்டா,

உன் பட்டறைக்கு எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜன்னல் வழியாக உன் முதுகு தெரிகிறது. லாரியில் டயர் ஏற்றுகிறவனிடம் என்னவோ சொல்கிறாய். அவன் ஏற்றி முடித்தபின்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

போன சனிக்கிழமையும் வந்தேன். டிக்கெட் வாங்கி மேலே உட்கார்ந்தேன். முதல்முறையாகக் களத்தைப் பார்த்து உட்கார்ந்தேன், ஆனால் கார்களையோ உன் புது டிரைவரையோ பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தேன். சுற்றிலும் அத்தனை பேர், நீ மட்டும் தனியாக நின்றாய். கீழே இறங்கி வரத் தெரியாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

இன்ஜின் கட்ட மாட்டேன். அதில் மாற்றமில்லை. உன்னை இதிலிருந்து கூட்டிக்கொண்டு போகவும் வரவில்லை. பக்கத்தில் நிற்பதற்கு ஆள் வேண்டுமா என்று கேட்கத்தான் வந்தேன். லாரிக்குப் பின்னால் போய் உட்கார மாட்டேன். சுவர் ஓரமாக நிற்பேன். முடியுமா என்று தெரியாது. முயற்சி செய்கிறேன்.

வேண்டாம் என்றால் திரும்பிப் பார்க்காதே, நான் போய்விடுவேன்.

இந்தத் தாளைக் கடைக்காரி பெர்னீஸிடம் கொடுத்தனுப்புகிறேன். "ரோட்டத் தாண்டுனா பொண்டாட்டி. நேராப் போயி சொல்லக்கூடாதாய்யா?" என்கிறாள். "சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்கும்மா பீச் தோட்டத்துல கெடந்தேன்?" என்றேன். சிரிக்கிறாள். ஏப்ரனை அவிழ்த்துவிட்டாள், கையை நீட்டுகிறாள். இதோ கொடுக்கிறேன்.

ஹோய்ல்