சொன்ன நேரத்துக்கு ஓடுவது

மார்ச் 3, செவ்வாய்
இன்றும் அதே சண்டை. துகள்களைச் சுற்றவிட்டு ஒளி எடுக்கும் எங்கள் இயந்திரம் வரும் ஆண்டில் எத்தனை சதவீத நேரம் தடையில்லாமல் ஓடும் என்று எழுதித் தரவேண்டும். இயக்குநர் தொண்ணூற்றெட்டிலேயே நிற்கிறார். போன வருஷமும் அதைத்தான் சொன்னோம். தொண்ணூறைத் தொடுவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. "குறைச்சுச் சொன்னா மானம் போயிடும்யா" என்கிறார். நடுவில் நின்றுபோனால் மட்டும் மாலை போடுவார்களா?

மார்ச் 7, சனி
மகளைப் பார்க்கப் போகவில்லை. நானும் அவள் அம்மாவும் பிரிந்தபின் சனிக்கிழமைதோறும் வருவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். கிளம்பும்போது குளிர்நீர் பம்பு நின்றது, இயந்திரமும் நின்றது. போனில், "பரவால்லப்பா" என்றாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

மார்ச் 8
ஒன்றாக இருந்தபோது ஞாயிறு என்றால் மகள் என் மேல் சாய்ந்துகொண்டுதான் படம் பார்ப்பாள். இந்த சோபா ஒருத்தனுக்கு ரொம்பப் பெரிது.

மார்ச் 11, புதன்
வெளியூரிலிருந்து சோதனைக்கு வந்த ஆய்வாளரம்மாவை இயக்குநரின் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். பம்பு நின்றதில் அவர் கொண்டுவந்த படிகங்கள் வீண். "நிக்கிறது பரவால்ல சார். எப்ப நிறுத்துவீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க, நாங்க கெளம்பியே வரமாட்டோம்." இயக்குநர் தாளை என் பக்கம் தள்ளினார். வாரம் ஒரு நாள் பராமரிப்புக்கு நாங்களே நிறுத்துவது, அந்த நாளை யாருக்கும் தருவதில்லை, மீதி நேரத்துக்குத் தொண்ணூற்று நான்கு சதவீதம். கையெழுத்தானது. அப்பாடா!

மார்ச் 14, சனி
ரயில் ஏறப் போனவனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். காந்தங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி புகைந்ததாம். மகளுக்குப் போன் செய்தேன்.

"வாரா வாரம் வர்றேன்னு சொல்லாதீங்கப்பா. மாசத்துக்கு ஒரு தடவைனு சொல்லுங்க. ஆனா வாங்க."

ஆய்வாளரம்மா சொன்னபோது மண்டையை மண்டையை ஆட்டினேன். அதையே என் பெண் சொன்னால் ஆட்ட முடியவில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாம் — ஐயோ, எனக்கு அது போதாதே!

மார்ச் 17
மாதக் கடைசி சனிக்கிழமை நான் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "எரிஞ்சாலுமா சார்?" என்றான் உதவிப் பொறியாளன். "எரிஞ்சா தீயணைப்புக்குப் போன் போடுய்யா."

மார்ச் 28, சனி
போனேன். சொன்ன நேரத்துக்கு. கதவைத் திறந்தவள் தலைகூட வாராமல் நின்றாள். மலங்க மலங்க விழித்தாள்.

"வெளிய போகக் கெளம்பலையாம்மா?"

"நீங்க வந்தப்புறம் கெளம்பிக்கலாம்னு இருந்தேன்பா."

"முன்னெல்லாம் சனிக்கிழமைன்னா விடிஞ்சதுமே ஷூ மாட்டிட்டு உக்காந்திருப்பா" என்றாள் அவள் அம்மா. எனக்கு இது தெரியாது. யாரும் சொன்னதில்லை.

அவள் குளித்துக் கிளம்பும்வரை கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நடுவில் இரண்டு தடவை தலையை நீட்டி, நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனாள்.