நொண்டிக்குப் பெயர் வைத்தவள்

ஜூன் 4
சம இடைவெளிச் சுரக்கூட்டுகளுக்குப் பெயர் சூட்டும் எங்கள் தொகுப்பில் இன்று ஒன்று சேர்ந்தது. அதிர்வெண் 500, 700, 900, மூன்று சுரமும் ஒன்றாக ஒலிக்கும். பியானோவில் தேடினால் கட்டைகளுக்கு நடுவே எங்கேயோ விழும். எண்ணில் இடைவெளி சமம். காதுக்கோ முதல் அடி நீளம், அடுத்தது குட்டை. ‘நொண்டி’ என்று வைத்தேன். செல்லோ வாசிக்கும் என் தொகுப்புக் கூட்டாளியிடம் மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூன் 11
மாடிப்படியில் பக்கத்து அறை ஒலிப்பதிவாளர் போனில் பேசிக்கொண்டே இறங்குகிறார்: “அந்த நொண்டி இருக்கே, அதையே போடு.”
அவரும் இந்தக் கூட்டுகளைப் பற்றி எழுதுகிறார் என்று கேள்வி. முந்திக்கொண்டால் ஆறு வருஷ உழைப்பு அம்போ. யார் சொல்லியிருப்பார்கள்? வேறு யார்!

ஜூன் 12
அவளும் ஒலிப்பதிவாளரும் டீ குடிக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நின்றதா, எனக்குத்தான் அப்படிப் பட்டதா? பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

ஜூன் 15
பொறி வைத்தேன். 700, 800, 900-க்கு ‘கழுதை’ என்று அவளிடம் மட்டும் சொன்னேன்.
“கழுதையா? பொருந்தவே இல்லையேடி.”

ஜூன் 23
கழுதை எங்கும் காதில் விழவில்லை. உஷாராகிவிட்டாள், கள்ளி.

ஜூன் 24
தொகுப்பிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன்.

ஜூன் 26
பொறுக்காமல் ஒலிப்பதிவாளரிடமே கேட்டேன், அந்தப் பெயரை யார் சொன்னார்கள் என்று.
“யாரு சொல்லணும்? தினம் நீங்க வாசிக்கிறது சுவர் வழியா கேக்குதே. ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டைன்னு நொண்டுது. வேற என்னன்னு சொல்றது?”
பெயர் திருடப்படவில்லை. அது அவ்வளவு சரியான பெயர். சந்தோஷப்படவேண்டியவள் 24ஆம் தேதிப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன்.

ஜூன் 27
அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமலே விட்டிருக்கலாமோ? வில்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.
“என்கிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பரவாயில்ல. இனிமே உங்களுக்கு எப்படித் தோணுதோ செய்யுங்க.”
கல்லூரி நாளிலிருந்து வாடி போடி என்றவள். உங்களுக்காம். செய்யுங்களாம். அறைந்திருக்கலாம் பாவி.

ஜூலை 3
வரவில்லை.

ஜூலை 19
தொகுப்பு இருவர் பெயரிலும் அச்சுக்குப் போனது. அவளைக் கேட்காமல்தான் போட்டேன். எடுத்தபோது மட்டும் கேட்டேனா? சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, கடைசியில் எடுத்தாள்.
“வேலையா இருக்கேன்டி. அப்புறம் பேசு.”
வைத்துவிட்டாள்.
‘டி’ போட்டாள்.