அறுபது ஜிபி போதும் என்றேன்

மடிக்கணினி சூடேறினால் இன்னும் அதிலிருந்து கோடாலித் தைலத்தின் வாசம் வருகிறது. இன்று காலை ஒரு வேலையை அதில் ஓடவிட்டுவிட்டு இட்லி ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது மேசையைச் சுற்றிலும் அந்த வாசம். உன் கணவர் சவூதியிலிருந்து வரும்போதெல்லாம் டஜன் கணக்கில் கொண்டுவருவாரே, அதே தைலம்தான். நெற்றியில் தடவிய விரலோடேயே தட்டச்சு செய்வாய். விசைகளின் இடுக்கெல்லாம் இறங்கியிருக்கிறது.

நீ பாதியில் விட்டுப்போன வேலை என்ன ஆயிற்று என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். யாரிடம் சொன்னாலும் உன்னிடம் சொன்னதுபோல் ஆகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

காரைக்குடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். கொத்தனார் மகள் நான் கணினி ஆசிரியை ஆனேன். துணிக்கடைக்காரர் மகள் நீ சென்னைக்குப் போய், செயற்கைக்கோள் படங்களை வைத்து நில வரைபடம் போடும் நிறுவனத்தில் சேர்ந்தாய். பிள்ளைகள் பிறந்த பிறகு ஊருக்கே திரும்பி வந்து, வீட்டில் இருந்தபடி அதே வேலையைத் தொடர்ந்தாய். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாய்.

"ஏண்டி வள்ளி, இங்குட்டு வா. சுத்தியிருக்க எல்லாக் கண்மாயும் நீலமா இருக்கு. இது மட்டும் ஏன் காஞ்சு கெடக்கு?"

ஒக்கூருக்குத் தெற்கே ஒரு சின்ன கிராமத்தின் கண்மாய் அது. நல்ல மழை பெய்த வருடம் எடுத்த படத்திலும் அது மண் நிறத்தில் இருந்தது. நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அடுத்த வாரமே பஸ் ஏறிப் போய் அந்த ஊர் விவசாயிகளைப் பார்த்துவிட்டு வந்தாய். மழைத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கேயோ தூர்ந்து, சீமைக்கருவேலம் மூடிப் போயிருக்கிறது, எந்த வழியாக வந்தது என்பதே யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை என்றாய். பல வருடப் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஈரம் நின்ற தடத்தைத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம் என்றும் சொன்னாய்.

அதற்கான மென்பொருள் லினக்ஸ் இயங்குதளத்தில்தான் ஒழுங்காக ஓடும். நிறுவன வேலைக்கோ விண்டோஸ் வேண்டும். அதனால் உன் விண்டோஸுக்குள்ளேயே ஒரு லினக்ஸை நிறுவிக் கொடுத்தேன். விண்டோஸின் கண்ணுக்கு அது ஒரு பெரிய கோப்பு. உள்ளே இருக்கும் லினக்ஸுக்கோ அதுதான் முழு ஹார்ட் டிஸ்க். அது எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று நிறுவும்போது கேட்டது. அறுபது ஜிபி என்று போட்டேன்.

"பத்துமாடி?" என்றாய்.

"தாராளமாப் போதும். நீ என்ன சினிமாவா எடுக்கப் போற?"

செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரத்தில் உன் போன் வந்தது. "இடமில்லைன்னு சொல்லுதுடி. ஓடிக்கிட்டு இருந்தது பாதியில நின்னுபோச்சு."

"பழைய படத்துல கொஞ்சத்தை அழிச்சிரேன்."

"எதை அழிக்கச் சொல்ற? எனக்கு எல்லா வருசமும் வேணும். ஒண்ணை விட்டாலும் தடம் தப்பாப் போயிரும்."

"சரி, ஞாயித்துக்கிழமை வந்து டிஸ்கைப் பெருசாக்கித் தர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாத."

நீ தொடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் தலைவலி என்று படுத்தாய். சனிக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வந்தேன். உன் வீட்டு வாசல் முழுக்கச் செருப்புகள்.

அந்தத் தலைவலியை நாங்கள் யாருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு இருந்தா வலிக்காம என்ன செய்யும்" என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அதை இங்கே எழுதிவிட்டேன். எழுதாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

நாற்பதாம் நாள் முடிந்து உன் கணவர் மடிக்கணினியை ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "நீங்க வச்சுக்கங்க தங்கச்சி. இதுக்குள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. நீங்க பாத்தா ஏதாவது புரியும்." வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து திறந்தும் பார்த்தேன். லினக்ஸின் பெயருக்குக் கீழே 'சேமித்த நிலை' என்று இருந்தது. நீ அதை நிறுத்தவே இல்லை. ஓடிக்கொண்டிருந்ததை அப்படியே உறைய வைத்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறாய். தொடங்கினால் வெள்ளிக்கிழமை மதியத்தில் நீ விட்ட இடத்திலிருந்தே அது எழுந்துவரும். மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். நாலு மாதம் திறக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் பள்ளி வாசலில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். சேவுகன் அண்ணன். நீ பார்த்துவிட்டு வந்த ஊரின் விவசாயி.

"டீச்சர், அந்தம்மா ஒரு படம் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருந்தாக. தவறிட்டாகன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன். அவுக வீட்டுல உங்களைப் பாக்கச் சொன்னாக" என்றார். "கிராம சபைக்கு ரெண்டு வாரந்தான் கெடக்கு. வரத்துக்காலைத் தூர்வாரணும்னு கேக்கப் போறோம். ஆனா ஒருத்தர் இங்குட்டுங்கிறாரு, ஒருத்தர் அங்குட்டுங்கிறாரு. தப்பான பக்கம் தோண்டிப்புட்டா அப்புறம் எங்க பேச்சை எவன் கேப்பான்? உங்களால முடியுமா?"

"முடியும்ணே" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. ஆனால் சொன்ன பிறகு எனக்குச் சந்தேகமும் வரவில்லை. அந்த டிஸ்கைச் சின்னதாக வைத்தவள் நான். பெரிதாக்கவும் எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். உறைந்த நிலையில் இருக்கும் லினக்ஸின் டிஸ்கைப் பெரிதாக்கக் கூடாது. முதலில் அதை முறையாக நிறுத்த வேண்டும். சேமித்த நிலையைத் தூக்கி எறிய ஒரு சொடுக்குப் போதும், மாணவர்களுக்கு நானே அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதைச் செய்ய மனம் வரவில்லை. தொடங்கினேன்.

திரை எழுந்தது. மூலையில் இருந்த கடிகாரம் சில நொடிகள் உன் வெள்ளிக்கிழமையைக் காட்டிவிட்டு இன்றைய தேதிக்குத் தாவியது. பாதி வரைந்த வரைபடம் ஒரு பக்கம். நீ இட்ட கட்டளையும், அதன் கீழே 'இடமில்லை' என்ற பிழைச் செய்தியும் ஒரு பக்கம். நடுவில் சின்னக் குறிப்பு ஒன்று, சேமிக்காமல் திறந்தபடி இருந்தது.

"மூணு பனை நிக்கிற இடத்துக்கு மேக்க கோடு அந்துபோகுது. மண்ரோட்டுக்கு அடியில தண்ணி போற கல்மடை இருக்கணும். நேர்ல பாக்கணும். ஞாயிறு வள்ளி வருவா. நண்டு வாங்கணும்."

கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது.

சேமிக்கப் பார்த்தேன். இடமில்லை என்றது. வேறென்ன சொல்லும்? சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அடுப்படியிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அழுது முடித்து, பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியதை ஒரு எழுத்து விடாமல் பேனாவால் எழுதினேன். நண்டையும் சேர்த்துத்தான். உன் கடைசிக் கட்டளையையும் கீழே எழுதிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு சாளரமாக மூடி, லினக்ஸை முறையாக நிறுத்தினேன்.

அதற்கு மேல் எல்லாம் எனக்குப் பழகிய வேலை. முதலில் அந்த அறுபது ஜிபி கோப்பை வெளி டிஸ்கில் நகல் எடுத்தேன். அடுத்து அதன் அளவை இருநூற்றைம்பது என்று மாற்றினேன். சில நொடிதான். ஆனால் லினக்ஸைத் தொடங்கிப் பார்த்தால் உள்ளே இன்னும் அறுபதுதான் காட்டும். பலர் இங்கேதான் பயந்துபோவார்கள். டிஸ்க் பெரிதானாலும் உள்ளே இருக்கும் பகுதியின் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும், அதைத் தனியாக நகர்த்த வேண்டும். உன்னுடையதில் கூடுதலாக ஒரு தடை. நினைவகத்துக்கு உதவியாக லினக்ஸ் ஒதுக்கிக்கொள்ளும் சின்னத் துண்டு ஒன்று, உன் படங்கள் இருந்த பகுதிக்கும் புதிய காலி இடத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. வேறொரு மீட்பு லினக்ஸால் தொடங்கி, அந்தத் துண்டை எடுத்துவிட்டு, எல்லையை நீட்டி, கடைசியில் அதற்கு மறுபடி இடம் கொடுத்தேன். எல்லைக்கான எண்ணைத் தவறாகப் போட்டால் எல்லாப் படமும் போய்விடும். ஆனால் நகல் இருந்தது, செய்வது என்னவென்றும் தெரிந்திருந்தது.

மறுபடி தொடங்கியபோது நூற்றெண்பது ஜிபிக்கு மேல் காலி என்று காட்டியது. உன் கட்டளையை நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். ஒன்றரை நாள் ஓடியது. இந்த முறை நிற்கவில்லை.

வரைபடம் வந்துவிட்டது. ஆனால் அதை வாசிக்க எனக்குத் தெரியவில்லை. நீ முன்பு முடித்திருந்த வேறு படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு நாள் ஒப்பிட்டுப் பார்த்தேன். எது ஈரம், எது நிழல் என்று மெல்லப் பிடிபட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாளில் எடுத்துக்கொண்டு சேவுகன் அண்ணன் ஊருக்குப் போனேன். கடப்பாரையோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மூன்று பனைக்கு மேற்கே, நீ எழுதிய அதே இடத்தில் மண்ரோட்டின் ஓரத்தைத் தோண்டினோம். இடுப்பளவு போயும் வெறும் மண்.

"அந்தம்மா தப்பாச் சொல்லிட்டாகளோ?" என்றார் அண்ணன்.

உன் குறிப்பையே நம்பித் தோண்டியிருந்தேன்; இப்போது தாளை விரித்துக் கோட்டை மட்டும் பார்த்தேன். நீ குறிப்பு எழுதியபோது பாதி வருடங்கள்தான் ஓடி முடிந்திருந்தன. இப்போது எல்லா வருடமும் இருந்தது. கோடு பனைகளை எட்டும் முன்பே தெற்கே வளைந்தது.

"இங்குட்டு இல்லண்ணே. தெக்க வாங்க. அந்தக் கருவேலம் புதர்ப் பக்கம்."

புதரை வெட்டி ஒதுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. நாலாவது குத்தில் கடப்பாரை கல்லில் மோதியது. மண்ணை அள்ள அள்ள வரிசையாகக் கொத்திய கற்கள், நடுவில் களிமண் அடைத்த வாய். கல்மடை இருந்தது, நீ சொன்ன இடத்தில்தான் இல்லை. நீ அங்கே இருந்திருந்தால், இடம் தப்பிப்போனதற்கு ஒரு நொடிகூட வருத்தப்பட்டிருக்க மாட்டாய். "எல்லா வருசமும் வேணும்னு சொன்னேனா இல்லையா?" என்று என் தோளில் ஓங்கி அடித்திருப்பாய். அழிக்கச் சொன்னவள் நான்தானே.

கிராம சபையில் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார்கள். தீர்மானம் போட்டார்கள். புரட்டாசிக்குள் வரத்துக்காலைத் தூர்வாரி முடித்தார்கள். ஐப்பசியில் ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது போன் அடித்தது.

"டீச்சர், தண்ணி ஏறுது. முக்காக் கண்மாய் ஆயிருச்சு. வந்து பாக்குறீகளா?"

அன்று மாலையே போய்க் கரையில் நின்றேன். உன் கணவருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். வெகுநேரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்ற ஒரு சொல், அதன் பின் அவர் மூச்சுச் சத்தம் மட்டும்.

இப்போது பஸ்ஸில் போனாலும் என் கண் நிலத்தின் சரிவைத்தான் தேடுகிறது. அரியக்குடிப் பக்கம் போகும்போது, இங்கே விழும் மழை எங்கே போய் நிற்கும் என்று மனம் கேட்டுக்கொள்கிறது. இந்தக் கேள்வி முன்பு என்னிடம் இல்லை. உன்னிடமிருந்து வந்தது. இப்போது என்னுடையதாகவே ஆகிவிட்டது. போன மாதம் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பக்கத்தில் வந்து கேட்டாள்.

"கண்மாய்க்குப் படம் போட்டுத் தர்ற டீச்சர் நீங்கதானா?"

"ஆமா, நாந்தான்" என்றேன். "எந்த ஊரு உங்களுக்கு?"