குப்பியில் ஒட்ட வேண்டிய பேர்

சிவமயம்

பத்தாம் வாய்க்கால்,
உருத்திரபுரம், கிளிநொச்சி.
12.03.1961

கொழும்பில் கிருமி ஆராய்ச்சி செய்யும் டாக்குத்தர் அம்மாவுக்கு, வணக்கம். நீங்கள் சுகமாயிருக்க எங்கள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். என் பேர் இராசேஸ்வரி. என்னை உங்களுக்குத் தெரியாது. காலஞ்சென்ற வீரகத்தியின் மனைவிக்கு என்று நீங்கள் போட்ட கடிதத்தைப் பற்றித்தான் இது.

அந்தக் கடிதத்தைத் தபால்காரரிடம் கைநீட்டி வாங்கினதே வீரகத்தியண்ணைதான்! வாசித்துப்போட்டு மனுசன் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவருடைய பெண்சாதி இராசமலர் உங்களைத் திட்டின திட்டை இதில் எழுத ஏலாது. செத்தது அவர் இல்லை அம்மா. என் வீட்டுக்காரர்.

நடந்தது இதுதான். போன மாரிக்கு முதல் மாரியில் வயலுக்குள் நின்றவர் காய்ச்சலோடு வந்து படுத்தார். கண் சிவந்து, கெண்டைக்கால் நோவில் துடித்து, பிறகு மஞ்சளாய்ப் போனார். பக்கத்துக் காணி வீரகத்தியண்ணை வண்டில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே நோயாளித் துண்டு எழுதினவர், பேர் என்ன என்று கேட்டார். புருசனின் பேரை நான் வாயால் சொல்வேனா? நீங்கள் சொல்லுங்கோ என்பதுபோல் அண்ணையைப் பார்த்தேன். அந்தாள் பதகளிப்பில், தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று தன் பேரைச் சொல்லிவிட்டு வண்டிலோடு திரும்பிவிட்டார். இரத்தக் குப்பியும் அந்தப் பேரோடேயே கொழும்புக்கு ரயில் ஏறிவிட்டது. சாவுப் பதிவை, இவரைத் தெரிந்த எங்கள் ஊர் விதானையார் சரியாய் எழுதினார். குப்பியை ஒருத்தரும் நினைக்கவில்லை.

இப்போது நீங்கள், அந்த இரத்தத்தில் இருந்த கிருமியை உணவு கொடுத்து வளர்த்ததாய் எழுதியிருக்கிறீர்கள். சீமைக்கு அனுப்பி, தெரிந்த கிருமிகள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டும் ஒன்றோடும் பொருந்தவில்லையாம். புது வகையாம். ஆருடைய இரத்தத்தில் கண்டதோ அவருடைய பேரை வைப்பதும் உண்டாம். சம்மதமா என்று கேட்டிருந்தீர்கள்.

உள்ளதைச் சொன்னால், முதலில் எனக்குப் பத்திக்கொண்டுதான் வந்தது. கடித்த பாம்புக்குச் செத்தவரின் பேரோ? இனசனமும், எங்களுக்கேன் இந்தச் சீத்துவக்கேடு, வீரகத்தியின் பேரோடேயே கிடக்கட்டும் என்றார்கள். அண்ணை கையெடுத்துக் கும்பிட்டு, தங்கச்சி, என்னை இதிலிருந்து கழற்றிவிடு என்றார்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஓரிடம் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. மயிரிலும் மெல்லிய சுருள், முனைகள் தூண்டில்போல் வளைந்து, ஓயாமல் சுழன்றபடி இப்பவும் உயிரோடு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே! வயல் தண்ணீரிலிருந்துதான் அது தொற்றியிருக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள்; வயல் வரம்பில் போய் நின்று பார்த்தேன். நாங்கள் அன்றாடம் கால் கழுவுகிற தண்ணீர்தான். உலகம் தொடங்கின நாளிலிருந்து ஒருத்தர் கண்ணிலும் படாத ஒன்று, இதற்குள் பேரில்லாமல் சுழன்றுகொண்டு கிடந்ததா? பிள்ளையாரே, எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப் போச்சுது. இவரின் சாம்பலைக் கீரிமலையில் கரைத்தாயிற்று. இவர் இரத்தத்தில் கிடந்தது உங்கள் அலுமாரிக்குள் பெருகிக்கொண்டிருக்கிறது. பயமும் அதிசயமுமாய்க் கிடக்கிறது எனக்கு.

எட்டாம் வாய்க்கால் ஐயாத்துரைக்கு வந்த காய்ச்சல் இன்னதென்று, அவரின் இரத்தத்தோடு இந்தக் கிருமியைச் சேர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தீர்களாம். ஊசி போட்டு, அந்த மனுசன் இப்ப வயல் உழுகிறார். அதைக் கேட்டபிறகு எனக்குக் கோபமில்லை. எனக்குச் சம்மதம். பேரை மட்டும் மாற்றுங்கோ.

கட்டின நாளிலிருந்து இவரை நான் பேர் சொல்லாமல் இஞ்சாருங்கோ என்றுதான் கூப்பிட்டேன். கடைசி நேரம் ஆஸ்பத்திரிக்காரர் கன்னத்தில் தட்டித் தட்டி, வீரகத்தி, வீரகத்தி என்று கூப்பிட்டார்கள். இவர் கண் திறக்கவில்லை. அப்பவும் என் வாயில் பேர் வரவில்லை அம்மா. இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ என்றுதான் கத்தினேன்.

இவர் பேர் கதிர்காமநாதன். இன்றைக்குத்தான் முதன்முதல் எழுதுகிறேன். நீளமாய்க் கிடக்கிறதென்று வெட்டிக் குறுக்காதேங்கோ. வெள்ளைக்காரர் வாயில் நுழையாவிட்டால் பழகட்டும். நீங்கள் நோய் நொடியில்லாமல் நூறு வருசம் இருக்க வேணும். குப்பியில் பேரை ஒட்டும்போது, எனக்காக ஒருக்கால் வாய்விட்டுக் கூப்பிடுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் நன்றி மறவாத
இராசேஸ்வரி