ஒன்பது தடைக்காலமும் ஒரு வரியும்

இன்று காலை இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். மழைக்காலத்தில் பழைய காகிதத்துக்கு வரும் வாசனையோடு காய்ந்த இறாலின் வாசனையும் சேர்ந்து வந்தது. உன் நோட்டுகள். ஒன்பதும் இருக்கின்றன. உன் வீட்டில் மழை ஒழுகாத மூலை ஒன்றே ஒன்று. அங்கே இறால் கூடைக்கு மேலேயே இவற்றையும் வைத்திருப்பாய். மீஞ்சூரில் என் வீட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்த வாசனை போகவில்லை. யாராவது வந்தால் அந்தத் தட்டைத் திறக்காமல் பார்த்துக்கொண்டவள் நான்.

அட்டைகளில் வருடம் இல்லை. ‘முதல் தடை’, ‘ரெண்டாம் தடை’ என்றுதான் எழுதியிருக்கிறாய். காசிமேட்டு விசைப்படகுகளில் வேலைக்குப் போன நம் குப்பத்து ஆண்கள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் பழவேற்காடு திரும்புவார்கள். சும்மா இருக்க முடியாமல் அவர்கள் தொடங்கியதுதான் முகத்துவாரம் லெவன். ஒரு தடைக்காலம் என்றால் நமக்கு ஒரு கிரிக்கெட் பருவம். டச்சுக்காரர் கல்லறைக்குப் பின்னால் திடல். மதிலைத் தாண்டிப் பந்து உள்ளே விழுந்தால் ஆறு ரன் இல்லை, அவுட். கல்லறை வாசலில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகளையும் நீ அம்பயர்கள் என்பாய். “அவங்கோ ரெண்டு பேருதான்டி நாயமானவங்கோ. சாப்பாடுகூட கேக்க மாட்டாங்கோ.”

ஏரியில் எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்த இடத்தில் வலை போடும் முறை என்பதைப் பாடு என்போம். மட்டை பிடிப்பதும் அதே பாடுதான். இன்று முதலில் இறங்கியவன் அடுத்த ஆட்டத்தில் கடைசி. மட்டையைத் துடுப்பு மாதிரிப் பிடிப்பவனும் தன் பாடு வந்துவிட்டால் முதல் ஆளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான். பொன்னேரியிலிருந்து ஆட வந்த ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு உன்னிடம் கேட்டான். “இன்னாமே, உங்க டீமுக்கு கேப்டனே இல்லியா?”

நீ நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கீறாரு. ஏரிக்குள்ள கீறாரு. எறங்கிப் போய் கேளு.”

ரன் கணக்கு எழுத உன்னை உட்கார வைத்ததும் பாடுதான். பாடு வைத்திருந்த இரண்டு பங்காளிக் கூட்டங்களில் ஒருவர் எழுதினால் மற்றவர் நம்ப மாட்டார்கள். உன் அம்மா கூடையில் மீன் சுமந்து விற்றவள். உங்கள் வீட்டுக்கு ஏரியில் பங்கு கிடையாது. “பங்கு இல்லாத பொண்ணு எழுதட்டும். அதுக்கு ஓரவஞ்சன பண்ண இன்னா கீது?” என்றார்கள். எட்டாவதோடு நின்ற நீ எழுதினாய். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

முதல் தடையில் ஆடிய எல்லாவற்றிலும் தோற்றோம். மூன்றாம் தடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, பாதிப் பேர் மண்வெட்டியோடு அங்கே போய்விட, ஏழு பேரை வைத்து ஆடினோம். நாலாம் தடையில் எளாவூரை வென்றோம். அதற்கடுத்து, கடல் உள்ளே வந்த வருடம். ஐந்தாம் தடை நோட்டில் ஒரே ஓர் ஆட்டம்தான். பதினொரு வரிசையில் ஒன்பது பெயர்கள். மீதி இரண்டு இடத்திலும் வெறும் கோடு. வேறு ஆள் இருந்தும் நீ எழுதவில்லை. “அவங்க பாடு அப்டியே இருக்கட்டும்” என்றாய். அன்று ஒன்பது பேர்தான் ஆடினார்கள்.

ஒன்பதாம் தடையில் கோப்பை வந்தது. மீஞ்சூர் கிளப்காரர்கள் வந்து அணியை அப்படியே கேட்டதும் அப்போதுதான். பாய் விரித்த ஆடுகளம், சீருடை, பயிற்சியாளர், மாதச் சம்பளம். நம் ஆட்களில் பலர் ஏற்கெனவே அந்தப் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் போனார்கள். பெயர் மாறியது, பாடு நின்றது. எனக்கும் அங்கேதான் பள்ளிக்கூடத்தில் வேலை. சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், “பொன்னேரி பக்கம்” என்று சொல்லப் பழகியிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, விழா மலருக்கு அணியின் வரலாற்றைப் பருவம் பருவமாக எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். உன்னிடம் நோட்டுகளைக் கேட்டேன். ஒன்பதையும் துணிப்பையில் கட்டி நீயே பஸ்ஸில் கொண்டுவந்தாய். “அஞ்சாவது மட்டும் பாத்து எடுடி, தாளு பிரிஞ்சிகீது.”

எதையும் விடச் சொல்லி அவர்கள் சொல்லவில்லை. இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. எழுதும்போது மீஞ்சூரின் முதல் வருடத்துக்கு ‘முதல் பருவம்’ என்று தலைப்பு வைத்தது நான். அதற்கு முந்தைய ஒன்பது தடைக்கும் ஒரே வரி: ‘இவ்வீரர்களில் சிலர் முன்பு ஏரிக்கரையில் பொழுதுபோக்காக ஆடி வந்தனர்.’ உன் பெயர் இல்லை. கோடு போட்ட அந்த இரண்டு பேரும் இல்லை. குப்பத்தின் பெயரை எழுதினால் என் ஊரும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். கட்டுரைக்குக் கீழே என் பெயரை மட்டும், படித்த பட்டத்தோடு போட்டுக்கொண்டேன்.

விழாவுக்கு நீ நீலப் புடவை கட்டி, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாய். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவது போல் விரல் வைத்துப் படித்தாய். உன் விரல் ஓரிடத்தில் நின்றதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். நான் பக்கத்தில் வந்தபோது நீ கேட்டது ஒன்றுதான்.

“பொழுதுபோக்காடி?”

“எடம் பத்தலடி” என்றேன்.

நீ ஒரு தாளைத் திருப்பினாய். என் கட்டுரைக்கு எதிர்ப்பக்கம் அச்சே இல்லாமல் வெள்ளையாக இருந்தது. அதன்மேல் உன் கட்டைவிரல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “சாப்பாடு எங்க போடறாங்கோ? புள்ளைக்குப் பசிக்குது” என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்துக்கொண்டோம். என் மகன் பிறந்ததற்கு வந்தாய், கொடுவா மீன் கொண்டுவந்தாய். அந்த வரியைப் பற்றி நீ பேசவில்லை. நீ பேசாததை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. போன வருடம் உனக்குக் காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் சேர்த்தபோது, ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீ வெள்ளிக்கிழமையே போய்விட்டாய்.

இன்று நாலாம் தடை நோட்டைப் புரட்டினேன். எளாவூரோடு ஆடிய ஆட்டம். நினைவிருக்கிறதா, நடுவில் குழந்தை அழுதது. பேனாவை என் கையில் திணித்துவிட்டு மதில் நிழலுக்குப் பால் கொடுக்கப் போனாய். ஒரே ஓர் ஓவர்தான் நான் எழுதினேன். மலருக்காக இந்த நோட்டைப் புரட்டியபோது மொத்த ரன்னை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன் போலிருக்கிறது. அந்த ஓவரைச் சுற்றி நீ கட்டம் போட்டு, பக்கத்தில் என் முழுப்பெயரை எழுதி, கீழே குறித்திருக்கிறாய்: ‘இந்த ஓவர் எழுதினது இவ. ஒரு வைடு விட்டுட்டா. சேத்துக்கிட்டேன்.’

ஆறு பந்துக்கு எனக்கு உரியதை நீ எழுதினாய். நான் விட்டதையும் எழுதினாய்.

நோட்டுகளை உன் மகள் கேட்டிருக்கிறாள். “அத்தே, அம்மா கையெழுத்து எங்கிட்ட வேற இல்ல” என்றாள். அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். விழாவில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். நான் சொன்ன பதிலைக் கேட்டவள். ஆகவே நோட்டைக் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவளுக்குச் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்கிறேன்.

எடம் இருந்துச்சுடி.