அதாவது அண்ணனின் பெயர்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மாமாவும் பிள்ளைகளும் நலம். நீ கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? கரைக்கு வரும்வரை உனக்குப் போன் கிடைக்காது என்று கம்பெனி ஆபீசில் சொன்னார்கள். கடிதம் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடுவார்களாம். கைக்கு வந்ததும் மற்ற வேலையைப் போட்டுவிட்டு இதைப் படி.

நம் 'அதாவது' அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலையில் எப்போதும்போலத்தான் வேலைக்கு வந்தார். ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலைபோல் வந்து குவிந்திருந்தன. அவர் வைத்த பெயர்கள்தான் இன்னும் சலவைக்கூடத்தில் வழங்குகின்றன. துவைக்கிற பெரிய மெஷின் பெரியம்மா. உலர்த்துகிற மெஷின் மாமனார். "அதாவது, சூடா மூச்சு விடுவாரு, கையில ஒண்ணும் குடுக்க மாட்டாரு" என்று நீ இருந்த காலத்திலும் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாரே. அன்றைக்குப் பெரியம்மாவுக்குள் துணி போட்டுக்கொண்டிருந்தவர், என் இஸ்திரி மேஜைப் பக்கம் திரும்பி, "அதாவது தங்கச்சி..." என்றார். மீதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். அப்படியே சரிந்து ஈரத்துணி மேல் விழுந்தார்.

தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதாம். யார் கையெழுத்துக்கும் காத்திருக்காமல் டாக்டர்களே ஆபரேஷனைச் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நர்ஸ் வந்து, பேஷண்ட் பேர் என்ன என்று கேட்டாள். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். கடைசியில் நான்தான் "அதாவது" என்றேன். "சொல்லுங்க" என்றாள். "அதாவதுதாம்மா" என்றேன். நான் தடுமாறுகிறேன் என்று நினைத்து, அந்தப் பெண் பொறுமையாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். வேறு நாளாக இருந்தால் அண்ணனிடமே சொல்லிச் சிரித்திருப்பேன்.

முதலாளியைக் கேட்டோம். அவரும் சம்பளத்தை அந்தப் பெயர் சொல்லித்தான் கொடுத்து வந்திருக்கிறார். அவர் தங்கும் அறையில் அடையாள அட்டை ஒன்றும் இல்லை. அவர் போன், அவர் விழுந்த அமளியில், துணியோடு துணியாகப் பெரியம்மாவுக்குள் போய் நன்றாக அலசி வந்துவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். போலீசிலும் சொல்லியிருக்கிறோம். எந்த ஊர் என்று அவர்கள் கேட்டபோது எங்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. அவர் பேச்சை வைத்து டிரைவர் ஒரு பக்கம் கை காட்டினார், மேஸ்திரி நேர் எதிர்ப்பக்கம். ஒருநாள் 'மழை' என்பார், நாக்கு அழகாக மடியும். மறுநாள் 'மள' என்பார். போன இடத்துப் பேச்செல்லாம் அவர் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருடையது எது என்று யாருக்குத் தெரியும்?

பின்கட்டு அறையில் அவரோடு படுத்து எழுந்தவன் நீ. பெயர், ஊர், பெண்டாட்டி பிள்ளை, எது தெரிந்தாலும் உடனே எழுது. கண் திறக்கும்போது சொந்தமுகம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டாமா?

குளிரில் தலையை மூடிக்கொள்.

உன் அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உனக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் உன்மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு நாள் கூட இருந்து ஒரு பெயரைக் கேட்டு வைக்கத் தெரியவில்லையே என்று. பிறகு யோசித்தேன், நான் மட்டும் கேட்டேனா? என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அவரிடம்தான் முதலில் சொல்வேன்.

உன் கடிதத்தை மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். அவர், அண்ணன் வேலை கேட்டு வந்த அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். "பேரு என்னான்னு கேட்டேன். 'அதாவதுங்க, எம்பேரு'ன்னு இழுத்தாரு. பேரச் சொல்லக்கூட ஒரு அதாவதான்னு நான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. அவரு சொல்லி முடிக்கவே இல்லம்மா. நாங்களும் திரும்பக் கேக்கல." மேஸ்திரி கண்ணைத் துடைத்து இதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அண்ணன் கண் திறந்துவிட்டார். இதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாய், ஆனால் கேள். பேசுகிறார், எங்களுக்குத்தான் புரியவில்லை. நீ எழுதியிருந்தாயே, தனியாகப் போனில் பேசும்போது அவர் பேச்சு வேறு மாதிரி இருக்கும், உன்னைக் கண்டதும் நம்மைப்போல மாற்றிக்கொள்வார் என்று. அந்தப் பேச்சுதான் இது போலிருக்கிறது. வேகமாக, சொல்லின் கடைசியை விழுங்கி விழுங்கி, கேள்வி கேட்பதுபோல முடிக்கிறார். நமக்காக மாற்றிக்கொள்ள இப்போது அவரால் முடியவில்லை. ஒரு அதாவதுகூட இல்லை.

திரும்பத் திரும்ப ஒரே ஒரு சொல்தான் தெளிவாக வருகிறது. லாச்சு, லாச்சு என்று. 'நாளாச்சு' என்கிறார், வீட்டுக்குப் போகக் கேட்கிறார் என்றாள் நர்ஸ். 'வேலையாச்சு' என்கிறார், துணியெல்லாம் முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றார் மேஸ்திரி. வார்டு துடைக்கிற அம்மா தண்ணீர்தான் கேட்கிறார் என்று அடித்துச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தோம். குடித்தார். குடித்துவிட்டு மறுபடியும் லாச்சு என்றார்.

எனக்கு அது யாரையோ கூப்பிடுகிற செல்லப்பெயராகப் படுகிறது. சொல்லும்போது வாசல் பக்கம் பார்க்கிறார். நான் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருண்ணே அது? மகளா?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தார். சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன கேட்கிறாய் என்பதுபோல. எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. "அதாவதண்ணே" என்று கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. அது தன் பெயர் என்பதே மறந்துவிட்டது. அவருடைய பெயர் எதுவோ, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாரோ என்னவோ. தெரிந்த பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர்தான் இரண்டு தடவை திரும்பினார்.

போன மாதம் அவரை ஆள் இல்லாதவர்கள் விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். நம் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்து போய் அறையைச் சுற்றிப் பார்த்தார். பாய் விரித்தால் கதவு திறக்காத வீடு. நானும் அதற்குமேல் கேட்கவில்லை. விடுதிக் கட்டிலில் 'பெயர் தெரியாதவர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதாவது என்றாவது எழுதுங்கள் என்று கெஞ்சினேன். "அதெல்லாம் ஒரு பேராம்மா?" என்றார் அங்கிருக்கும் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்து, தலையை வாரிவிட்டு வருகிறேன்.

எதற்கும் ஓகே சொல்வதால் உன்னை அங்கே எல்லாரும் 'ஓகே' என்றே கூப்பிடுகிறார்கள், கேப்டன்கூட அப்படித்தான் என்று கடைசியில் வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லையடா. உன் பக்கத்தில் படுக்கிறவன் யாராக இருந்தாலும் அவனிடம் உன் முழுப்பெயரைச் சொல்லு. அவன் நாக்குக்கு வராவிட்டால் வரும்வரை சொல்லிக்கொடு. 'அக்கா' என்று ஒரு சொல் இருக்கிறது, அது தண்ணீர் இல்லை, ஆள் என்றும் சொல்லி வை.

எங்கிருந்தாலும் நல்லபடியாக இரு, என் கண்ணே.

உன் அக்கா