எந்தத் தெருவில் மருந்து அட்டை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். திருச்செங்கோடு பஸ்ஸில் நின்றபடியே பயணம். கல்லூரியில் இரண்டு கணித வகுப்பு எடுத்தேன், பிறகு கொசுக் கணக்கு.

இளம்பிள்ளை ஊரில் நடக்கும் கொசு ஆய்வின் புது எண்களைக் கணினியில் ஏற்றினேன். தெருக்களைச் சீட்டுப் போட்டு இரண்டு பிரிவாக்கியிருக்கிறோம். எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே மாதிரி அட்டை. ஒரு பிரிவின் அட்டையில் கொசு விரட்டும் மருந்து, மற்றதில் ஒன்றுமில்லை. எது எது என்று கணக்குப் போடுகிற எனக்கும் தெரியக்கூடாது. அட்டையின் பின்னால் போட்டிருக்கும் ‘அ’, ‘ஆ’ என்ற எழுத்து, எனக்கு அவ்வளவுதான்.

‘அ’வில் பொறியில் விழும் கொசு குறைகிறது. ‘ஆ’வில் அப்படியே. கணினி மாதிரியை மூன்று முறை ஓட்டினேன். வித்தியாசம் இருக்கலாம், உறுதியில்லை என்கிறது.

அங்கே தறி நெய்யும் கோகிலா அக்கா வீடு ‘ஆ’.

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

பொறிகளைப் பார்க்க இளம்பிள்ளை. வெயில், புழுக்கம். கோகிலா அக்கா தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"இந்த அட்டை வந்ததுல இருந்து நிம்மதிங்க மேடம். தண்ணித் தொட்டி கழுவறதக்கூட உட்டுப்போட்டேன்."

"பாதிப் பேருக்கு வெறும் அட்டைன்னு கையெழுத்து வாங்கறப்பவே சொன்னோமே அக்கா."

"அது வேற ஆருக்காச்சும் இருக்குமுங்க. எங்களுதுல வாசமே வருதுங்களே."

பசை வாசம். அது எல்லா அட்டையிலும் உண்டு.

தொட்டியை எப்படியும் கழுவுங்கள் என்றேன். தலையாட்டினார். மகள் யாழினி, இரண்டாம் வகுப்பு. லீவு போட்டுவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் சுருண்டிருந்தாள், லேசாக உடம்பு சுடுகிறதாம். அவள் கையில் ஒரு கொசு. அடித்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

எந்தப் பிரிவுக்கு மருந்து என்று இப்போதே பார்த்துவிடலாமா என்று ஆய்வை நடத்தும் டாக்டரிடம் போனில் கேட்டேன். "பாதியில பிரிச்சுப் பார்த்தா இதுவரை சேர்த்தது எதுவும் செல்லாது மேடம். கண்காணிப்புக் குழு புதன்கிழமை கூடுது, அவங்க முடிவு பண்ணட்டும்."

சரியான பதில். வகுப்பில் நானும் இதைத்தான் சொல்வேன்.

தொட்டி கழுவச் சொல்லியாவது ஆள் அனுப்பலாமா? அனுப்பலாம். ஆனால் இரண்டு பிரிவிலும் ஒரே வார்த்தையில் சொல்லவேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

சூரமங்கலம் சர்ச்சில் பூசை பாதியில் போன் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். கோகிலா அக்கா.

"புள்ளைக்குக் காச்சல் எறங்கவே இல்லீங்க. டெங்குன்னு பெட்ல சேத்துட்டாங்க."

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. யாழினிக்கு உதடெல்லாம் காய்ந்திருந்தது. "கண்ணத் தொற சாமி, மேடம் வந்திருக்காங்க பாரு." திறக்கவில்லை.

கடித்தது நான் அடித்த கொசு இல்லை. காய்ச்சல் வரச் சில நாள் ஆகும், அதற்கு முன்பே கடித்திருக்கும். இந்தக் கணக்கில் என்ன ஆறுதல்.

நவம்பர் 10, திங்கள்

மழை. காய்ச்சல் பட்டியலில் ‘ஆ’ பிரிவில் ஒரு வரி சேர்த்தேன். பெயர் கிடையாது, வீட்டு எண் மட்டும். மாதிரியை ஓட்டினேன். சந்தேகத்தின் அகலம் கொஞ்சம் குறைந்திருந்தது. இதற்குத்தானே இத்தனை மாதமாகக் காத்திருந்தோம். எழுதக் கூசுகிறது.

மதியம் சாப்பிடவில்லை.

நவம்பர் 12, புதன்

யாழினிக்கு பிளேட்லெட் நேற்று இறங்கி, இன்று நின்றிருக்கிறது. இரண்டு வாய் கஞ்சி குடித்தாளாம்.

குழு கூடியது. நிறுத்தும் அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லையாம். ஆய்வு தொடரும். அவர்கள் பார்த்தது என் வரைபடத்தைத்தான். அதில் தப்பு எதுவும் இல்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன், இருந்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

யாழினி வீட்டுக்கு வந்துவிட்டாள். பழம் வாங்கிக்கொண்டு போனேன். இளைத்துப் போயிருந்தாள், ஆனால் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லிச் சண்டை போட்டாள்.

"அந்த அட்டை இருந்ததாலதானுங்க இதோட போச்சு," என்றார் கோகிலா அக்கா.

எனக்கு என்ன தெரியும் என்று சொல்வது? ஒன்றும் தெரியாது, அதுதான் உண்மை. தொட்டியை எட்டிப் பார்த்தேன். கழுவி மூடியிருந்தது.

"ஏனுங்க மேடம், புள்ள படுக்கற பக்கம் மாட்ட இன்னொன்னு குடுங்களேன்."

கையில் இல்லை அக்கா என்றேன். பழுதானதற்கு மாற்ற எடுத்து வந்த இரண்டு பையில் இருந்தன. இரண்டிலும் ‘ஆ’.